அடக்கும் மருந்தும் காக்கும் ஊசியும்

2020 மார்ச் மாதக் கடைசியில் மூட்டுவாதச் சிகிச்சை மருத்துவர்களின் தொலைபேசிகள் உலகெங்கும் ஓயாமல் அடித்தன. அழைத்தவர்கள் முடக்குவாதக்காரர்கள், லூபஸ் நோயாளிகள், குடலிலோ நரம்பிலோ தோலிலோ தன்னுடல் தாக்குநோய் உள்ளவர்கள். எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "டாக்டர், நான் சாப்பிடுகிற மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?"

நியாயமான பயம். தன்னுடல் தாக்குநோயில், கிருமிகளை அழிக்க வேண்டிய வெள்ளணுக்களும் எதிரணுக்களும் (ஆன்டிபாடிகள்) சொந்த உடம்பையே அந்நியமாக எண்ணித் தாக்குகின்றன. முடக்குவாதத்தில் மூட்டுகளின் உள்சவ்வு வீங்கி எலும்பு அரிக்கப்படுகிறது. லூபஸில் தோல், சிறுநீரகம், இதயம், மூளை எதுவும் பாதிக்கப்படலாம். இவர்களுக்குக் கொடுக்கும் மருந்துகள் பெரும்பாலும் நோயெதிர்ப்பை அடக்குபவை. யாருக்கும் முன்னனுபவம் இல்லாத ஒரு வைரஸ் ஊருக்குள் வந்திருக்கும்போது, எதிர்ப்பை அடக்கும் மாத்திரையைத் தினமும் விழுங்குவதா?

மருத்துவர்களிடமும் அப்போது உறுதியான விடை இல்லை. எதிர்ப்பு அடங்கியிருந்தால் வைரஸ் எளிதாகப் பெருகும் என்றார்கள் ஒரு சாரார். கொரோனாவில் பலர் இறப்பது வைரஸால் மட்டுமல்ல, நுரையீரலில் எதிர்ப்புச் செயல் கட்டுமீறிப் போவதாலும்தான். ஆகவே அடக்கும் மருந்தே இவர்களைக் காப்பாற்றலாம் என்றார்கள் இன்னொரு சாரார். இரண்டு வாதங்களும் கேட்கச் சரியாகவே இருந்தன. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் கிடைத்த விடைகளைப் பார்த்தால், இரண்டும் ஒரே உடம்பில் வெவ்வேறு நாட்களில் உண்மை என்று தெரிகிறது. எதிர்ப்பு சக்தி கூடவா குறையவா என்பதை விட, எந்த நாளில் கூட வேண்டும், எந்த நாளில் குறைய வேண்டும் என்பதே பெரிய கேள்வி. நாற்று வேர்பிடிக்கத் தண்ணீர் கட்டுவதும், கதிர் முற்றியபின் அதே வயலில் தண்ணீரை வடித்துவிடுவதும் ஒரே விவசாயி செய்கிற வேலைதான். பெருந்தொற்றுக் காலத்தில் இந்த நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையும் போட்ட தடுப்பூசியும் அந்தக் கணக்கை நாள் கணக்காகவே நமக்குக் கற்றுக்கொடுத்தன.

முதலில் நடந்தது ஓர் அநியாயம். ஹைட்ராக்சிகுளோரோகுயின் மலேரியாவுக்கென்று பிறந்த மாத்திரை. ஆனால் 1950களிலிருந்து லூபஸ் நோயாளிகளின் உயிர்மருந்து அது. அதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைக் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 1991இலேயே காட்டியது: நோய் கட்டுக்குள் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மை மாத்திரைக்குப் பதில் வெறும் மாத்திரை கொடுத்தபோது, அவர்களுக்கு நோய் திரும்பவும் கிளம்பும் வாய்ப்பு இரண்டரை மடங்காயிற்று. 2020 மார்ச்சில் பிரான்சிலிருந்து வந்த ஒரு சின்ன ஆய்வு, இந்த மாத்திரை கொரோனாவை விரட்டும் என்று சொன்னது. அமெரிக்க அதிபர் அதைப் புகழ்ந்தார். மார்ச் 23இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சுகாதாரப் பணியாளர்கள் முன்தடுப்பாக இதைச் சாப்பிடலாம் என்றது. மார்ச் 25இல் இந்தியா ஏற்றுமதியைத் தடைசெய்தது. உலகத் தேவையில் பெரும்பங்கு இங்கேதான் தயாராகிறது என்பதால் அதன் அதிர்வு எங்கும் தெரிந்தது. ஏப்ரலில் தடை தளர்ந்தது. அதற்குள் மருந்துக் கடைகளில் அலமாரி காலி. நோயே இல்லாதவர்கள் வாங்கிப் பதுக்கிவைத்த மாத்திரைக்காக லூபஸ் நோயாளிகள் கடை கடையாக அலைந்தார்கள்.

இந்த மாத்திரை உடம்பை விட்டு மெல்லத்தான் வெளியேறும். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ நாற்பது நாட்கள் ஆகும். பல நோயாளிகளுக்கு அந்தத் தாமதம்தான் அவகாசம் கொடுத்தது. ஜூன் மாதத்தில் பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு தன் முதல் முடிவை அறிவித்தது. பின்னர் வெளியான முழுக் கணக்கில், மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 27 சதவீதம் பேர் இறந்தார்கள், கொடுக்கப்படாதவர்களில் 25 சதவீதம். கொரோனாவுக்கு அதனால் பயனே இல்லை. மோகத்தைக் கிளப்பிய அந்தப் பிரெஞ்சுக் கட்டுரை 2024 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது. லூபஸ் நோயாளிகளும் இதைச் சாப்பிட்டுக்கொண்டே கொரோனாவுக்கு ஆளாகியிருந்தார்கள். அவர்களை உற்றுக் கவனித்திருந்தாலே விடை முன்கூட்டியே கிடைத்திருக்கும் என்பதுதான் வருத்தம்.

கவனித்தவர்களும் இருந்தார்கள். அந்த மார்ச் மாதத்திலேயே, ட்விட்டரில் தொடங்கிய ஒரு பேச்சு சில நாட்களில் உலகளாவிய பதிவேடாக மாறியது. எந்த நாட்டு மருத்துவரும் தன் நோயாளிக்குக் கொரோனா வந்தால் வயது, நோய், சாப்பிட்ட மருந்து, முடிவு ஆகியவற்றைப் பதியலாம். 40 நாடுகளிலிருந்து முதல் 600 பேரின் விவரம் சேர்ந்ததும் வந்த முடிவு பலரை வியக்கவைத்தது. தினமும் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர்கள் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் டி.என்.எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்தில் இருந்தவர்கள் மருத்துவமனைக்குப் போவது குறைவாகவே இருந்தது. இரண்டுமே எதிர்ப்பை அடக்குபவைதான். ஒன்று எல்லாக் கதவையும் மூடுகிறது, மற்றது ஒரே ஒரு புரதத்தை மட்டும் பிடித்து நிறுத்துகிறது. 2021இல் 3,729 பேரின் விவரத்தை வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெளிவாயிற்று: மூட்டு நோயே கட்டுக்கடங்காமல் இருந்தவர்களிடம் இறப்பு அதிகம். பயந்து மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்தாகலாம் என்று இதற்குப் பொருள். நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர்களுடைய அட்ரினல் சுரப்பிகள் சொந்தமாகச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும். காய்ச்சல் நேரத்தில் மாத்திரையைத் திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

ஆனால் அதே ஸ்டீராய்டுதான் பெருந்தொற்றில் ஆயிரமாயிரம் பேரைக் காப்பாற்றியது. இதை நான் எத்தனை முறை படித்தாலும் வியப்பு குறைவதில்லை. 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹெஞ்ச், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹெஞ்சுக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு. அந்தக் குடும்பத்தில் அடுத்துப் பிறந்தது டெக்சாமெத்தசோன். விலை மலிவு, எந்த ஊர் மருந்துக்கடையிலும் கிடைக்கும். 2020 ஜூன் 16 அன்று ரெக்கவரி ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்: தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில், இது கொடுக்கப்படாதவர்கள் நூற்றுக்கு 41 பேர் இறந்தார்கள். கொடுக்கப்பட்டவர்கள் 29 பேர். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் 26இலிருந்து 23 ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களிடம் எந்தப் பயனும் இல்லை. அவர்களில் மருந்து பெற்றவர்களே சற்று அதிகமாக, நூற்றுக்கு 18 பேர் இறந்தார்கள். பெறாதவர்கள் 14 பேர். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றது புள்ளியியல். ஆனால் எச்சரிக்கைக்கு அது போதும்.

ஏன் இப்படி? முதல் வாரத்தில் வைரஸ் பெருகுகிறது. அப்போது உடம்புக்குத் தன் எதிர்ப்பு முழுவதும் வேண்டும். இரண்டாம் வாரம் வரும்போது பலருக்கு வைரஸ் குறையத் தொடங்கியிருக்கும், அழற்சி மட்டும் நிற்காமல் எரியும். அப்போது அடக்கும் மருந்து உயிர் காக்கும். அறிகுறி தொடங்கி ஏழு நாளுக்கு மேல் ஆனவர்களிடமே பயன் தெளிவாகத் தெரிந்தது என்று ரெக்கவரியின் கணக்கும் சொன்னது. முன்பே ஸ்டீராய்டில் இருந்த முடக்குவாத நோயாளி முதல் நாளிலிருந்தே அந்த மருந்தோடுதான் வைரஸைச் சந்திக்கிறார் என்பதால் அவருக்கு நிலைமை தலைகீழ்.

இந்தியாவில் இந்த நாள் கணக்கைத் தவறவிட்டதற்குக் கொடுத்த விலை கொடுமையானது. 2021இன் இரண்டாம் அலையில் ஸ்டீராய்டு எங்கெங்கும் விழுங்கப்பட்டது: காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே, ஆக்சிஜன் சரியாக இருந்தவர்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும், வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டைப் பார்த்தும். ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்பைத் தாழ்த்தும். அந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் கறுப்புப் பூஞ்சை வந்து உட்கார்ந்தது. மூன்று மாதத்துக்குள் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதற்கு ஆளானார்கள். கண்ணையும் மேல்தாடையையும் அறுவை செய்து அகற்றியே பலரைப் பிழைக்கவைக்க முடிந்தது.

மூட்டுவாத வார்டிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன இன்னொரு மருந்து டோசிலிசுமாப். இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் புரதத்தை ஒசாகாவில் ததமித்சு கிஷிமோதோவின் குழு பல ஆண்டுகள் ஆராய்ந்ததன் பயன் அது. முடக்குவாதக்காரர்களின் உடம்பில் அந்த மருந்தின் அளவும் பக்கவிளைவும் முன்பே தெரிந்திருந்தன. அதனால்தான் 2020இல் அவ்வளவு விரைவில் கொரோனா நோயாளிகளுக்குச் சோதித்துப் பார்க்க முடிந்தது. ஆக்சிஜன் குறைந்து அழற்சி மிகுந்திருந்தவர்களிடம் இறப்பு 35 சதவீதத்திலிருந்து 31 ஆகக் குறைந்தது. இந்த மருந்துகளை முதன்முதலில் தம் உடம்பில் ஏற்றுக்கொண்ட முடக்குவாத நோயாளிகளுக்கு உலகம் பட்டிருக்கும் கடன் பெரியது. அதை யாரும் உரக்கச் சொன்னதாகத் தெரியவில்லை.

எதிர்ப்பு ஏறக்குறைய இல்லாமலே போனால் வைரஸ் என்ன செய்யும் என்பதை 2020இல் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் இருந்த 45 வயது நோயாளி காட்டினார். அவருக்குக் கடுமையான தன்னுடல் தாக்குநோய். ஸ்டீராய்டு, சைக்ளோபாஸ்ஃபமைடு, ரிட்டுக்சிமாப் எனப் பல மருந்துகள். ஐந்து மாதம் அவர் உடம்பை விட்டு வைரஸ் போகவே இல்லை. 154ஆம் நாள் அவர் இறந்தார். இடையிடையே எடுத்த மாதிரிகளின் மரபணுக்களைப் படித்தபோது, வைரஸ் அவருக்குள்ளேயே வேகமாக உருமாறிக்கொண்டிருந்தது தெரிந்தது. மாற்றங்களில் பாதிக்கு மேல் வெளிமுள் புரதத்தில். எதிர்ப்பு குறைந்தவர்களின் உடம்பில் நீடிக்கும் தொற்றிலிருந்தே சில புதிய திரிபுகள் கிளம்பியிருக்கலாம் என்ற கருத்து இத்தகைய நோயாளிகளைப் பார்த்துத்தான் வலுப்பெற்றது. இவர்களுக்கு முதலில் தடுப்பூசி போடுவது ஊர் முழுவதையும் காப்பது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

2021 ஜனவரி 16இல் இந்தியாவில் தடுப்பூசி தொடங்கியதும் தொலைபேசிகள் மறுபடி அடித்தன. கேள்வி இப்போது வேறு: "எதிர்ப்பைத் தூண்டுகிற ஊசி, தூங்குகிற நோயை எழுப்பிவிடாதா?" முதல் ஆய்வுகளில் எதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்களைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளவில்லை, ஆகவே நேரடி விடை இல்லை. உயிருள்ள கிருமியால் ஆன ஊசிகள்தான் இவர்களுக்கு ஆகாதவை. கோவிஷீல்டு, கோவேக்சின், எம்ஆர்என்ஏ ஊசிகள் எதிலும் உடம்பில் பெருகக்கூடிய கிருமி இல்லை. அந்த அளவுக்கு நிம்மதி. பிறகு ஐரோப்பியப் பதிவேட்டில் 5,121 பேரின் விவரம் வந்தது. மூட்டுவாத வகைத் தன்னுடல் தாக்குநோய் உள்ளவர்களில் ஊசிக்குப்பின் நோய் கிளம்பியவர்கள் 4.4 சதவீதம், கடுமையாகக் கிளம்பியவர்கள் 0.6 சதவீதம். கொரோனா வந்தால் ஏற்படும் ஆபத்தோடு வைத்துப் பார்த்தால் இது மிகச் சிறிது.

ஊசி நோயைக் கிளப்புமா என்பதை விட, ஊசி வேலை செய்யுமா என்பதே உண்மையான சிக்கலாக இருந்தது. மெத்தோட்ரெக்சேட்டை எடுத்துக்கொள்வோம். உலகில் முடக்குவாதத்துக்கு முதலில் எழுதப்படும் மாத்திரை, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். அதன் பிறப்பில் சென்னைக்கும் பங்குண்டு: சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1940களில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ஆராய்ச்சியை வழிநடத்தியபோது, ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகள் அங்கே உருவாயின. புற்றுநோய்க்கென்று வந்த அந்த மருந்து, குறைந்த அளவில் மூட்டுவாதத்தைக் கட்டுப்படுத்துவது பின்னர் தெரிந்தது. செல்கள் பிரிந்து பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். தடுப்பூசி போட்டதும் நிணநீர்க் கணுக்களுக்குள், எதிரணுவை உண்டாக்கும் பி அணுக்கள் செய்வதும் அதைத்தான்: அடுத்த இரண்டு வாரங்களில் படபடவென்று பிரிந்து பெருகி, அவற்றில் சிறந்த எதிரணுவைச் செய்பவை தேர்ந்தெடுக்கப்பட்டு வளர்கின்றன. அந்த நேரத்தில் மெத்தோட்ரெக்சேட் உடம்பில் இருந்தால் விளைச்சல் குறைகிறது.

அப்படியானால் அந்த இரண்டு வாரம் மட்டும் மாத்திரையை விட்டுவைத்தால்? கொரியாவில் சியோல் நகர மருத்துவர்கள் ஃப்ளூ தடுப்பூசியோடு இதைச் செய்துபார்த்துப் பலன் உண்டென்று 2018இலேயே சொல்லியிருந்தார்கள். கொரோனா ஊசிக்கு இதை முதலில் முறையாகச் சோதித்தவர்களில் கொச்சியின் பத்மநாப ஷெனாயும் அவர் குழுவினரும் உண்டு. கோவிஷீல்டு போட்டுக்கொண்ட முடக்குவாத, சொரியாசிஸ் மூட்டுவாத நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு சோதனையில் இரண்டு தவணைக்குப் பின்னும் மாத்திரையை நிறுத்தினார்கள். இன்னொன்றில் இரண்டாம் தவணைக்குப் பின் மட்டும். நிறுத்தியவர்களிடம் எதிரணு கூடியது. ஆனால் இரண்டு முறையும் நிறுத்தியவர்களுக்கு மூட்டுவலி அதிகம் கிளம்பியது. ஒரு முறை மட்டும் நிறுத்தினாலே கிட்டத்தட்டப் போதும் என்பது அவர்கள் கண்டது. கூட்டம் நிரம்பிய ஓர் இந்தியச் சிகிச்சையகத்திலிருந்து உலக வழிகாட்டுதலுக்குப் பயன்படும் விடை வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பிரிட்டனில் 254 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஊக்கத் தவணைக்குப் பின் இரண்டு வாரம் மெத்தோட்ரெக்சேட்டை விட்டவர்களுக்கு எதிரணு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. புதிய மருந்து இல்லை, கூடுதல் ஊசி இல்லை, செலவு இல்லை. இரண்டு மாத்திரை நாட்களைத் தள்ளிப்போட்டதுதான். நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு, அவர்களுடைய மருத்துவர் சொன்னால் மட்டும் செய்ய வேண்டியது இது.

ரிட்டுக்சிமாப் போட்டவர்களுக்கு இரண்டு வாரம் போதாது. அந்த ஊசி பி அணுக்களையே அழித்துவிடும். அவை திரும்பிவர ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். இங்கே ஓர் அழகான நுட்பம் உண்டு. ரிட்டுக்சிமாப் பி அணுக்களின் மேலுள்ள ஒரு குறியைப் பார்த்துத்தான் தாக்குகிறது. எலும்பு மஜ்ஜையில் பல்லாண்டு தங்கி எதிரணு சுரக்கும் முதிர்ந்த அணுக்களின் மேல் அந்தக் குறி இல்லை. அதனால் சிறுவயதில் போட்ட ஊசிகளின் எதிரணு பெரும்பாலும் அப்படியே இருக்கும், புதிதாக ஒன்றைக் கற்க மட்டும் முடியாது. 2020இல் வந்ததோ உடம்பு முன்பின் அறியாத வைரஸ். முன்பு சொன்ன உலகளாவிய பதிவேட்டில் ரிட்டுக்சிமாப் நோயாளிகளிடம் இறப்பு அதிகமாகத் தெரிந்ததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். ஆகவே அடுத்த ரிட்டுக்சிமாப் தவணைக்கு ஏறத்தாழ நான்கு வாரம் முன்பாகத் தடுப்பூசி போடுங்கள், பிறகு சில வாரம் தள்ளி மருந்து கொடுங்கள் என்று அமெரிக்க மூட்டுவாதவியல் கல்லூரி சொன்னது. எதிரணு உருவாகாதவர்களிடமும் வைரஸ் புகுந்த செல்களை அழிக்கும் டி அணுக்கள் ஊசியால் நன்றாகவே விழித்தன. எதிரணுப் பரிசோதனையில் பூச்சியம் வந்தால் ஊசி வீண் என்று பலர் நினைத்தார்கள், அது தவறு. மூன்றாம் தவணையும் பலருக்கு உதவியது. 2021 ஆகஸ்டிலேயே அமெரிக்கா அதை இவர்களுக்கு அனுமதித்தது. தாமாக எதிரணு செய்ய முடியாதவர்களுக்குத் தயார்நிலை எதிரணுவை ஊசியாகக் கொடுக்கும் மருந்து ஒன்று அந்த ஆண்டு டிசம்பரில் வந்தது. வைரஸ் அதையும் தாண்டி உருமாறியதால் 2023 ஜனவரியில் அமெரிக்கா அனுமதியை விலக்கிக்கொண்டது.

இதெல்லாம் 'அவர்கள்' பிரச்சினை என்று நினைத்திருந்தவர்களை அசைத்தது 2020 செப்டம்பரில் வந்த ஒரு கண்டுபிடிப்பு. வைரஸ் புகுந்ததும் உடம்பு முதல் மணிநேரங்களிலேயே வெளியிடும் எச்சரிக்கைப் புரதம் இன்டர்ஃபெரான். பாரிஸிலும் நியூயார்க்கிலும் ழான்-லோரான் கசனோவாவின் குழு, உயிருக்குப் போராடிய 987 கொரோனா நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தது. அவர்களில் 101 பேரிடம் சொந்த இன்டர்ஃபெரானையே செயலிழக்கச் செய்யும் எதிரணு இருந்தது. அதில் 95 பேர் ஆண்கள். லேசான தொற்றோ அறிகுறியற்ற தொற்றோ வந்த 663 பேரில் ஒருவரிடம்கூட அது இல்லை. தன்னுடல் தாக்குதல் இவர்களுக்குள் ஓசையில்லாமல் நடந்திருக்கிறது. மூட்டு வீங்கவில்லை, தோல் சிவக்கவில்லை. வைரஸ் வந்த அன்றுதான் அதன் விளைவு வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த பெரிய ஆய்வில், கொரோனாவில் இறந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் இத்தகைய எதிரணு காணப்பட்டது. 70 வயதைத் தாண்டிய பொதுமக்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் அது இருக்கிறது. முதியவர்களை இந்த வைரஸ் ஏன் அவ்வளவு கடுமையாகத் தாக்கியது என்பதற்குக் கிடைத்த உறுதியான காரணங்களில் இது ஒன்று.

தடுப்பூசி வரலாற்றின் பழைய புதிர் ஒன்றும் இதனால் ஓரளவு அவிழ்ந்தது. ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொள்ளும் மஞ்சள் காய்ச்சல் ஊசி, வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸால் ஆனது. கோடிக்கணக்கானவர்களைக் காத்த நல்ல ஊசி. ஆனால் லட்சத்தில் ஒருவருக்கும் குறைவான அளவில், ஊசியின் வைரஸே உடம்பில் பரவி ஆபத்தாகிவிடும். அப்படிப் பாதிக்கப்பட்ட எட்டு பேரின் ரத்தத்தை அதே குழு ஆராய்ந்தபோது, மூன்று பேரிடம் இன்டர்ஃபெரானைத் தாக்கும் எதிரணு இருந்தது. அந்த ஊசி 1930களிலிருந்து போடப்படுகிறது. அந்த மூவருக்கு ஏன் அப்படி ஆயிற்று என்பது 2021இல்தான் தெரிந்தது, கொரோனா நோயாளிகளின் ரத்தத்தில் எதைத் தேட வேண்டும் என்று கற்றுக்கொண்ட பிறகு.